ஈரும் பேனும்: ஒரு மேசை விளையாட்டின் அறம் பற்றி

1977இல் அமெரிக்காவில் வெளியான ஒரு புத்தகம். முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விசித்திர உயிர்கள் அதில் அகரவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பட்டியல்: எத்தனை பேர் கூட்டமாகத் திரிவர், என்ன வேகத்தில் நகர்வர், எவ்வளவு அடி தாங்குவர், அவர்களிடம் என்ன புதையல் கிடைக்கும். இந்தப் பட்டியலில் புத்திக்கூர்மைக்கும் உடலின் அளவுக்கும் நடுவே இன்னொரு வரியும் உண்டு. அந்த உயிர் நல்லதா கெட்டதா என்பதே அந்த வரி. 'ஓர்க்' என்ற இனத்துக்கு நேரே 'தீமை' என்று போட்டிருக்கிறது. எந்த ஓர்க் என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. ஆள் ஆறடிக்கு மேல் என்பதைப் போலவே, தீயவன் என்பதும் ஓர் அளவு.

புத்தகத்தின் பெயர் 'மொன்ஸ்டர் மனுவல்'. 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' எனும் விளையாட்டுக்குரியது. இவ்விளையாட்டை அறியாத வாசகருக்காகச் சில வரிகள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்று வாயால் சொல்லிக் கதையை நகர்த்துவர். செய்ய நினைத்தது பலித்ததா என்பதை இருபது முகங்கொண்ட தாயக்கட்டை தீர்மானிக்கும். எமது கூத்துக்கும் தாயத்துக்கும் பிறந்த பிள்ளை எனலாம். கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 1974இல் வெளியிட்ட இவ்விளையாட்டு இன்று ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் ஆடப்படுகிறது. 2023இல் வந்த 'பல்டர்ஸ் கேட் 3' என்ற கணினி விளையாட்டும் இதன் விதிகளில் அமைந்ததே. எம்மவரின் பிள்ளைகளில் சிலர் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு ஆடுவதும் இதைத்தான். தாய் தகப்பனுக்கு அது வெறும் 'கேம்'.

நான் இதை அறிந்தது வேலையிடத்தில். எங்கள் றெஸ்ரோறன்ற் திங்கட்கிழமைகளில் பூட்டு. குசினியில் என்னோடு கோப்பை கழுவிய மாணவன் ஒருவன், ஒரு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டான். இரண்டு குளிர்காலம் போய் ஆடினேன். பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டு வந்தவனுக்கு, கற்பனை செய்யவும் வாதிடவும் ஒரு மேசை கிடைத்ததில் சந்தோஷந்தான். ஆகவே இது விளையாட்டை வெறுப்பவன் எழுதும் கட்டுரை அல்ல. ஆனால் முதல் நாளே பாத்திரத் தாளில் 'அறச்சார்பு' என்றொரு பெட்டியை நிரப்பச் சொன்னார்கள். எனது பெட்டியை நான் நிரப்பினேன். ஓர்க்கின் பெட்டியை நிரப்பியது யார் என்ற கேள்வி அப்போது எழுந்தது. இன்னும் போகவில்லை.

இவ்விளையாட்டின் தாய் போர் விளையாட்டு. சிறு ஈயப் பொம்மைகளைப் படைபடையாக மேசையில் நிறுத்தி மோதவிடுவது. 1971இல் கைகக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற விதிநூலில் மாய உயிர்களும் படைகளில் சேர்க்கப்பட்டன. அப்போது யார் யாருடைய பக்கம் நிற்பர் என்று சொல்ல ஒரு பட்டியல் தேவைப்பட்டது. ஒழுங்கின் பக்கம், குழப்பத்தின் பக்கம், இரண்டுக்கும் நடுவில் நிற்போர். போல் அன்டர்சன், மைக்கல் மூர்கொக் ஆகியோரின் நாவல்களிலிருந்து வந்த பிரிவு இது. 1974இன் முதற்பதிப்பிலும் இந்த மூன்றுதான். இங்கு அது பெரும்பாலும் பக்கத்தையே குறித்தது. சதுரங்கத்தில் கறுப்புக் காயை யாரும் கெட்ட காய் என்பதில்லை. அது எதிர்க்காய், அவ்வளவே.

1976இல் கைகக்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒழுங்கு, குழப்பம் என்ற கோட்டுக்குக் குறுக்கே நன்மை, தீமை என்ற இன்னொரு கோட்டைக் கீறினார். 1978இல் ஆட்டக்காரருக்கான நூலில் ஒன்பது கட்டங்கள் விதியாயின. என் பார்வையில் இதுவே தீர்க்கமான திருப்பம். 'நீ எந்தப் பக்கம்' என்ற கேள்வி 'நீ எப்படிப்பட்டவன்' என்ற கேள்வியாக மாறியது. பழைய பட்டியலில் எதிரே நின்றவர்கள் புதிய பட்டியலில் இயல்பிலேயே தீயவர்கள் ஆனார்கள். பக்கம் குணமாயிற்று. இவ்விளையாட்டில் தீயவர்கள் வருவது பற்றி எனக்குக் குறையில்லை. தீமை இல்லாத கதை எங்கும் இல்லை. போரில் ஒருவன் நிற்கும் பக்கத்தை அவனது பிறப்பின் குணமாக எழுதிவைத்ததே இதன் நோய் என்பேன்.

நோய் எங்கே வெளித்தெரிகிறது என்பதற்கு ஓர் உதாரணம். புதிதாக ஆடத் தொடங்குவோருக்கென்று கைகக்ஸ் எழுதி 1979இன் இறுதியில் வந்த கதைநூல் 'த கீப் ஒன் த போடர்லான்ட்ஸ்'. எல்லைப்புறத்தில் மனிதரின் கோட்டை ஒன்று. அதற்கு அப்பால் காட்டில் குகைகள். ஒவ்வொரு குகையிலும் ஒவ்வொரு இனம்: ஓர்க், கொப்ளின், கோபோல்ட் என்று. வீரர்கள் கோட்டையிலிருந்து புறப்பட்டு, குகைக்குள் புகுந்து, கொன்று, கொள்ளையிட்டு, கோட்டைக்குத் திரும்பி ஆறுவர். பிறகு அடுத்த குகை. கவனமாக வாசித்தால் குகைகளின் உள்ளறைகளில் பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று எண்ணிக்கை தரப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் சண்டையிடமாட்டார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. அந்த அறைக்குள் நுழைந்த வீரர்கள் பிறகு என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் இல்லை. அது மேசைக்கு விடப்பட்டது.

எழுதியவருக்கே அவை மிருகக் கூட்டங்களாகத் தோன்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பம் இருக்கிறது, பொது அறை இருக்கிறது, தலைவன் இருக்கிறான், அண்டைக் குகையோடு உடன்பாடும் பகையும் இருக்கின்றன. ஊர் என்று சொல்ல வேண்டிய அத்தனையும் இருக்கிறது. ஊர் என்ற சொல் மட்டும் இல்லை. 'குகை' என்று இருக்கிறது.

மேசைக்கு விடப்பட்ட கேள்வி மேசையில் நிற்கவில்லை. நன்மைக்காகச் சத்தியம் செய்த வீரன் ஓர்க்கின் பிள்ளையை என்ன செய்யவேண்டும் என்பது இவ்விளையாட்டுக்காரர் மத்தியில் பல வருடங்களாக ஓடும் வாதம். 2005இல் ஆட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கையில் கைகக்ஸும் இதைத் தொட்டார். தீயோராய் இருந்து, சரணடைந்து, மனந்திருந்திய கைதிகளையும், அவர்கள் மறுபடி வழிதவறும் முன்னர் நல்ல வீரன் கொல்லலாம் என்றார். போரிடாதோர் பற்றிச் சொல்லும்போது ஒரு பழமொழியை ஆதரவாக எடுத்தார். ஈர்தான் பேனாகும் என்பதே அதன் பொருள். அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் கேர்னல் ஷிவிங்டனின் பெயரையும் அவரே சொன்னார். அது கண்கூடான உண்மை என்றும், மறுபக்கத்து ஷையன் வீரன் ஒருவனும் அப்படி நினைத்துக் கொன்றதுண்டு என்றும் எழுதினார்.

ஷிவிங்டன் யார்? ஜோன் ஷிவிங்டன் மெதடிஸ்த திருச்சபையின் போதகராக இருந்து படைத் தளபதியானவர். 1864 நவம்பர் 29ஆம் திகதி விடியற்காலை, கொலராடோவின் சான்ட் கிறீக் ஓடைக்கரையில் முகாமிட்டிருந்த ஷையன், அரப்பஹோ மக்கள் மீது அவரது படை பாய்ந்தது. முகாமின் தலைவர் பிளாக் கெற்றில் சமாதானத்துக்கு உடன்பட்டவர். தனது கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றினார். ஏறத்தாழ 230 பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலானோர் பெண்கள், பிள்ளைகள், முதியோர். 1865இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்துக் கண்டித்தது. ஷிவிங்டன் தண்டிக்கப்படவில்லை.

அதே காலை, அதே படையில், சைலஸ் சோல் என்றொரு கப்டன் இருந்தார். தனது ஆட்களுக்குச் சுடும் கட்டளையைக் கொடுக்க மறுத்தார். பிறகு விசாரணையில் கண்டதைச் சாட்சியாகச் சொன்னார். 1865 ஏப்ரலில் டென்வர் நகர வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே சீருடை, ஒரே கொடி, ஒரே கட்டளை. ஒருவர் ஷிவிங்டன், ஒருவர் சோல். பக்கம் குணமல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஒன்பது கட்டங்களை வரைந்தவரின் நினைவுக்கு அந்தக் காலையிலிருந்து ஷிவிங்டன்தான் வந்தார், சோல் வரவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஓர்க் கைகக்ஸின் கற்பனை அல்ல. 1954, 1955இல் 'லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' நாவலை வெளியிட்ட ஜே. ஆர். ஆர். ரொல்கீனிடமிருந்து வந்தது. 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஓர்க்கின் முகத்தை விளக்க ரொல்கீன் மொங்கோலிய முகச்சாயலை, அதுவும் ஐரோப்பியக் கண்ணுக்கு அழகற்றதாகத் தோன்றும் சாயலை, எடுத்துச் சொன்னார். அந்த வரியை மன்னிக்க முடியாது. ஆனால் அதே மனிதர் 1938இல், தான் ஆரியரா என்று கேட்ட ஜேர்மன் பதிப்பகத்துக்குச் சூடான பதிலை எழுதியவரும்கூட. அவரது நாவலிலேயே, எதிர்ப்படையில் செத்துக் கிடக்கும் தெற்கத்தி மனிதன் ஒருவனைப் பார்த்து, இவன் உண்மையில் கெட்டவன்தானா, எந்தப் பொய் இவனை ஊரைவிட்டு இவ்வளவு தூரம் நடத்தி வந்தது என்று சாம் யோசிக்கிறான். முழு இனமும் மீட்சியற்றது என்பது தனது நம்பிக்கைக்கு ஒத்துவருமா என்ற சங்கடம் ரொல்கீனைக் கடைசிவரை விடவில்லை. ஓர்க்கின் தோற்றத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். 1993இல் மகன் வெளியிட்ட குறிப்புகளில் அது தெரிகிறது. அந்தச் சங்கடம் விளையாட்டுக்குள் வரவில்லை. சங்கடத்தைப் பட்டியலில் போட முடியாதுதானே.

குணத்தோடு புத்தியும் பலமும்கூடப் பிறப்பால் எழுதப்பட்டன. 1978இன் நூலில் மனித ஓர்க் கலப்பில் பிறந்தவனுக்குப் பலம் ஒன்று கூடும், ஆளைக் கவரும் தன்மை இரண்டு குறையும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் புத்தியும் இரண்டு குறைந்தது. உடல் பெரிது, மூளை சிறிது, சண்டைக்கு உகந்தது. இந்தக் கணக்கு எமது பகுதிக்குப் புதிதல்ல. 1857க்குப் பின் ஆங்கிலேயர் இந்தியாவில் 'போர்க்குணச் சாதியினர்' என்று ஒரு பட்டியல் வைத்து ஆள்சேர்த்தனர். பஞ்சாபியும் கூர்க்காவும் பட்டியலுக்குள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாயிருந்த றொபர்ட்ஸ், தெற்கத்தியர் போருக்கு லாயக்கற்றோர் என்ற முடிவோடு போனவர். சென்னைப் படையில் தமிழர் இடம் சுருங்கிற்று. நூறு வருடங்களுக்குள் அதே தமிழரைப் பிறவிப் போராளிகள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. இடையில் மாறியது இரத்தமா?

இன்னொரு வகையிலும் இந்தப் புத்தகத்துக்கும் எமக்கும் தொடர்புண்டு. 1977இன் அந்தப் பட்டியலில் 'ராட்சசன்' இருக்கிறான். புலித்தலை, கோட்டு, கையில் சுருட்டுக்குழல் என்று படம் போட்டிருக்கிறார்கள். நேரே ஒழுங்கோடு கூடிய தீமை என்று எழுதியிருக்கிறது. நாங்கள் வளர்ந்த கதையில் ராட்சசன் ஒரு வரி அல்ல. ஒரே தாய் வயிற்றில் மூன்று சகோதரர்கள். இராவணன் இருக்கிறான், விபீஷணன் இருக்கிறான், நடுவில் கும்பகர்ணன் இருக்கிறான். கம்பனின் கும்பகர்ணன் அண்ணன் செய்தது பிழை என்று சபையிலேயே சொல்கிறான். சாகப்போகிறோம் என்று தெரிந்தே போருக்குப் போகிறான். களத்தில் தம்பி வந்து கூப்பிட்டும் போகவில்லை. வளர்த்தவனுக்குப் பட்ட கடன் என்கிறான். இவனை ஒன்பது கட்டங்களில் எதில் போடுவது? நானும் மேசையில் இருந்த மற்றவர்களும் ஒரு திங்கள் முழுக்க இதை வாதித்தோம். போட முடியவில்லை. தீய பக்கத்தில் நின்ற நல்லவன் என்று சொன்னால் பக்கமும் குணமும் வேறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த நொடியே பட்டியல் உடைகிறது.

விளையாட்டின் உலகம் தந்த பதில் விபீஷணன்தான். கரிய தோலும் வெள்ளை முடியும் கொண்டு நிலத்தடியில் வாழும் 'ட்ரௌ' என்ற எல்ஃப் இனம் இங்கு கொடுமையின் இருப்பிடம். 1988இல் ஆர். ஏ. சல்வதோர் எழுதிய நாவலில் அந்த இனத்திலிருந்து ட்ரிஸ்ட் என்ற நல்லவன் வந்தான். வாசகர்கள் அவனைக் கொண்டாடினர். ஆனால் அவன் நல்லவனாவது தன் மக்களை விட்டு மேலே வந்ததால். ஒவ்வொரு ஊரிலும் அவன் தன்னைத் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டும். 'நீ மற்றவர்களைப் போல அல்ல' என்பதே அவனுக்குக் கிடைக்கும் ஆகப்பெரிய பாராட்டு. வெளிநாட்டில் வேலை செய்யும் எம்மவர் எவருக்கும் இந்தப் பாராட்டு புதிதல்ல. கேட்டுவிட்டுச் சிரித்திருப்போம். அது பாராட்டப்பட்டவனை விட்டுவிட்டு மிச்சப்பேரை அடிக்கும் அடி. விதிவிலக்கு விதியை உடைப்பதில்லை. உறுதியாக்குகிறது.

பட்டியலைத் தலைகீழாக்குவதும் தீர்வல்ல. 1946இல் புலவர் குழந்தை 'இராவண காவியம்' எழுதினார். இராவணன் நாயகன். 1948இல் அரசு அதைத் தடைசெய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. ஓர் இனத்தைக் கீழானதாய் எழுதிய கதைக்கு எதிர்க்கதை எழுதும் உரிமை பெரிது. அந்த நூலின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் பெயர்கள் இடம் மாறிய பின்னும் கட்டங்கள் அப்படியே நின்றால், அடுத்த தலைமுறைக்கு வேறொரு ராட்சசர் தேவைப்படுவர்.

2020 யூனில் இவ்விளையாட்டின் இன்றைய உரிமையாளரான விஸார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம், ஓர்க்கையும் ட்ரௌவையும் பிறவித் தீயோராய்க் காட்டியது தவறு, இனி மாற்றுவோம் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஓர்க்கின் புத்திக் குறைப்பு நீக்கப்பட்டது. 2022இல் குரங்கைப் போன்ற ஓர் இனத்தை அடிமைகளாயிருந்து பிறர் மீட்ட கதையோடு வெளியிட்டு, கண்டனம் வந்ததும் மன்னிப்புக் கேட்டது. அந்த வருட முடிவில் 'றேஸ்' என்ற சொல்லைக் கைவிட்டு 'ஸ்பீஷீஸ்' என்று மாற்றப்போவதாகச் சொன்னது. 2024இன் நூலில் ஓர்க் ஆட்டக்காரர் விரும்பி எடுக்கும் பாத்திரங்களில் ஒன்றாயிற்று. 2025இன் மொன்ஸ்டர் மனுவலில் ஓர்க் இல்லை. போட்டி விளையாட்டான 'பாத்ஃபைன்டர்' 2023இல் அறச்சார்புப் பெட்டியையே எடுத்துவிட்டது.

இவற்றை வரவேற்க வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்கள் இடறுகின்றன. ஒன்று, சொல் மாற்றம். தமிழில் இரண்டுக்குமே 'இனம்' என்போம், அதனால் எமக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் வாசித்தால் வேடிக்கை இல்லை. இரண்டு மக்கள் கூட்டங்களை இரண்டு உயிரினங்கள் என்பது இடைவெளியைக் கூட்டுவதாகும். புதிய நூலின் தெரிவுகளில் மனித ஓர்க் கலப்பும் மனித எல்ஃப் கலப்பும் இல்லாமற் போயின. இரண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகள்தான் பட்டியல் பொய் என்பதற்குச் சாட்சி. சாட்சி வெளியே அனுப்பப்பட்டுள்ளது. இரண்டு, மௌனம். ஓர்க் இனி தீயவன் அல்ல என்றால், நாற்பத்தைந்து வருடங்களாக அந்தக் குகைகளில் நடந்தது என்ன? அதைப் பற்றி ஒரு கதைகூட எழுதாமல் பெயரை ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்கு மாற்றுவது, கோவையை வேறு அலுமாரியில் வைப்பது போன்றது.

விளையாட்டுத்தானே, கொல்வதற்கு யாராவது வேண்டாமா என்று மேசை நண்பர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி. பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்தவன் திங்கட்கிழமையும் அறவிசாரணை செய்ய விரும்பமாட்டான். எதிரி இருக்கட்டும். ஆனால் அவன் செய்த செயலால் எதிரியாகட்டும். கிராமத்தை எரித்த கொள்ளைக் கூட்டம், ஆளைப் பிடித்து விற்பவன், கொடுங்கோல் அரசன் என்று வைக்கட்டும். அந்தக் கூட்டத்தில் ஓர்க்கும் இருக்கலாம், மனிதரும் இருக்கலாம். இதனால் சண்டையின் ருசி குறைவதில்லை. கூடுகிறது என்பதே எங்கள் மேசையின் அனுபவம். எதிரே நிற்பவன் சரணடையலாம், பயப்படலாம், பொய் சொல்லலாம், மனம் மாறலாம் என்று வந்ததும் தாயக்கட்டை உருளும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை எமது பத்திரிகையில் எழுதக் காரணமுண்டு. 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடினார்கள். பட்டியலில் இருந்தது பெயரும் முகவரியும். குணத்தைத் தேடி வந்தவர்களே நிரப்பிக்கொண்டார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் முழுப்பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். பிறந்த வீட்டில் இருந்த கிழவிக்கும் தொட்டில் பிள்ளைக்கும் ஒரே கட்டத்தில் ஒரே சொல் எழுதப்பட்டது. 2009இல் வன்னியில் பிள்ளைகளோடு அகப்பட்டிருந்த சனத்தைப் பற்றி உலகம் பேசிய விதத்திலும் ஈர், பேன் கணக்கு இருந்தது. எங்களுக்குள்ளேயும் தியாகி, துரோகி என்று இரண்டே கட்டங்கள் வைத்திருந்தோம். கைகக்ஸ் ஒன்பதாவது வைத்தார்.

ஆகவே எங்கள் பிள்ளைகள் இந்த மேசையில் அமர்வதை நாம் தடுக்கவேண்டியதில்லை. அவர்களோடு ஒருநாள் அமர்ந்து பார்க்கலாம். அந்தக் கதையில் வீரர்கள் கடைசி அறையின் கதவைத் திறக்கும்போது, உள்ளே சண்டையிடாத பிள்ளைகள் இருந்தால், கதை அவர்களை என்ன செய்யவிடுகிறது என்று கேட்கலாம். விளையாட்டானாலும் காவியமானாலும் அரசியல் கட்சியின் பிரசுரமானாலும், அதன் அறத்தைச் சோதிக்க எனக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.